அமெரிக்க ஆர்மி ரிசர்வ் சிவில் அஃபேர்ஸ் யூனிட்டும் அதோட சின்னங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிலிட்டரி பேட்ச், பேட்ஜ் சேர்க்கறவங்க நிறைய பேர் ஏர்போர்ன் டிவிஷன், ஸ்பெஷல் ஃபோர்சஸ்னு போயிடுவாங்க, ஊதாக் கலர் கொடி வச்ச இந்தப் பிரிவை யாரும் பெருசா கண்டுக்கறதில்ல. எனக்கு ரொம்பப் பிடிச்சதே இதுதான். ஏன்னா இவங்க காலர்ல குத்திக்கற அந்தச் சின்னப் பித்தளையைப் பாத்தாலே இவங்க என்ன வேலை பாக்கறாங்கன்னு பாதி புரிஞ்சிடும். இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சதை இங்க சொல்லியிருக்கேன்.

சிவில் அஃபேர்ஸ்னா என்னங்க? அவங்க ராணுவமா, இல்ல ஏதாவது அரசு அதிகாரிங்களா?

ராணுவம்தான், சந்தேகமே வேண்டாம். யூனிஃபார்ம் போட்டிருப்பாங்க, கையில துப்பாக்கி இருக்கும், ரேங்க் இருக்கும். ஆனா சண்டை போடறது இவங்க முதல் வேலை இல்ல. ஒரு ஊர்ல சண்டை நடக்குது, இல்ல நடந்து முடிஞ்சிருச்சு, அங்க இருக்கற ஜனங்களுக்குத் தண்ணி வருதா, ஆஸ்பத்திரி ஓடுதா, கரண்ட் இருக்கா, நகராட்சி ஆபீஸ்ல ஆள் இருக்காங்களா, கோர்ட்டு திறந்திருக்கா, ரோட்டுல அகதிங்க கூட்டம் எந்தப் பக்கம் போகுது, இதெல்லாம் பாத்து கமாண்டர்கிட்ட சொல்றதும், ஊர்ப் பெரியவங்க, மேயர், செஞ்சிலுவைச் சங்கம், தொண்டு நிறுவனங்க கூட உக்காந்து பேசறதும்தான் வேலை.

இதைச் சும்மா நல்ல மனசுக்காக செய்யறாங்கன்னு நினைச்சுடாதீங்க, சட்டக் கடமை இருக்கு. 1907 ஹேக் விதிகள்ல (போர் பத்தின சர்வதேச விதிகள்) 43வது பிரிவு, ஒரு இடத்தைக் கைப்பத்தின ராணுவம் அங்க பொது ஒழுங்கையும் பாதுகாப்பையும் தன்னால முடிஞ்ச வரைக்கும் நிலைநாட்டணும்னு சொல்லுது. 1949 நாலாவது ஜெனிவா உடன்படிக்கை அதுக்கு மேல போயி, ஜனங்களுக்கு சாப்பாடும் மருந்தும் கிடைக்க வழி பண்ணணும்னு ஆக்கிரமிச்ச நாட்டு மேல பொறுப்பு வைக்குது. அந்தப் பொறுப்பைக் களத்துல சுமக்கறவங்க இவங்கதான்.

இவங்க ஏன் ரிசர்வ்ல இருக்காங்க? முழுநேர ராணுவத்துல வச்சா ஆகாதா?

முழுநேரத்துலயும் இருக்காங்க, 95வது சிவில் அஃபேர்ஸ் பிரிகேட் அப்படித்தான், வட கரோலினாவுல ஃபோர்ட் பிராக் முகாம்ல இருக்கு. ஆனா ரொம்ப வருஷமா இந்தப் பிரிவோட ஆளுங்க பெரும்பாலும் ஆர்மி ரிசர்வ்தான். ரிசர்வ்னா மாசம் ஒரு சனி ஞாயிறு டிரில், வருஷத்துக்கு ரெண்டு வாரம் பயிற்சி, மத்த நாள்ல அவங்கவங்க சொந்த வேலை, கூப்பிட்டா மாசக்கணக்குல வெளிநாடு.

இதுக்குப் பின்னாடி இருக்கற யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு நகரத்தோட குடிநீர் பிளான்ட்டை ஓட்டத் தெரிஞ்ச ஆளை ராணுவம் இருபது வருஷம் சம்பளம் குடுத்து சும்மா வச்சிருக்க முடியாது, அப்படி வச்சாலும் அந்த ஆளுக்கு ஓட்டறதுக்கு பிளான்ட் எங்க? அதுவே ஊர்ல தினமும் அந்த வேலையே பாக்கற இன்ஜினியர் ரிசர்வ்ல சேந்தா, வேலை கத்துக்கற செலவும் இல்ல, அனுபவமும் பழசாகாது. வக்கீல், பேங்க் ஆளு, போலீஸ்காரர், டீச்சர், பொது சுகாதார அதிகாரின்னு எல்லாருக்கும் இது பொருந்தும். சட்டத்தின் ஆட்சி, பொருளாதாரம், உள்கட்டமைப்பு, நிர்வாகம், பொது சுகாதாரம், கல்வியும் தகவலும்னு ஆறு துறையா இதைப் பிரிச்சு வச்சாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும், பேப்பர்ல இருக்கற மாதிரியே நடந்துச்சுன்னு சொல்ல முடியாது. ரிசர்வ்ல சேர்ற எல்லாரும் நிபுணர் இல்ல, காலேஜ் பசங்க, லாரி டிரைவர், கடையில வேலை பாக்கறவங்கன்னு எல்லாரும்தான் இருக்காங்க, அப்புறம் ஒருத்தர் ஊர்ல என்ன வேலை பாக்கறாரோ அதுக்கும் களத்துல அவருக்குக் குடுத்த வேலைக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. இந்தக் குறையை அந்தப் பிரிவு ஆளுங்களே பல வருஷமா சொல்லிட்டு வர்றாங்க.

எப்போ ஆரம்பிச்சுது?

வேலை ரொம்பப் பழசு, பிரிவு புதுசு. 1847ல ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட் மெக்சிகோவுக்குப் படையெடுத்துப் போனப்போ, தன் சிப்பாய்ங்க அங்க இருக்கற ஜனங்க மேல கை வச்சா விசாரிச்சு தண்டனை குடுக்கறதுக்குன்னே ஒரு உத்தரவு போட்டாரு, 20ஆம் நம்பர் பொது உத்தரவு. நிறைய பேர் கதையை அங்கேருந்துதான் தொடங்குவாங்க.

ஆனா உண்மையான பாடம் முதல் உலகப் போருக்கு அப்புறம் கிடைச்சுது. 1918 கடைசியில அமெரிக்கப் படை ஜெர்மனியோட ரைன்லாந்துக்குள்ள போயி உக்காந்துச்சு, சுமார் 10 லட்சம் ஜனங்களோட அன்றாட நிர்வாகம் திடீர்னு கையில வந்து விழுந்துச்சு, அதுக்குன்னு பயிற்சி எடுத்த ஆள் ஒருத்தரும் இல்ல. அங்க சிவில் விவகாரங்களைக் கவனிச்ச கர்னல் இர்வின் ஹன்ட் ஒரு அறிக்கை எழுதினாரு, இந்த வேலைக்கு எங்களுக்குப் பயிற்சியும் இல்ல, அமைப்பும் இல்லன்னு வெளிப்படையா சொன்ன அறிக்கை. அது ரொம்ப வருஷம் அலமாரியில கிடந்துச்சு. அடுத்த போர் நெருங்கினப்போதான் தேடி எடுத்துப் படிச்சாங்க. 1940ல ராணுவ ஆட்சிக்குன்னு ஒரு கையேடு வந்துச்சு, 1942 மே மாசம் வர்ஜினியா பல்கலைக்கழகத்துல, சார்லட்ஸ்வில் ஊர்ல, ராணுவ ஆட்சிப் பள்ளி திறந்தாங்க. 1943 மார்ச்ல போர்த்துறைக்குள்ள சிவில் அஃபேர்ஸ் டிவிஷன் வந்துச்சு, கொஞ்ச நாள்ல அதுக்கு மேஜர் ஜெனரல் ஜான் ஹில்ட்ரிங் தலைவர் ஆனாரு. அதே வருஷம் ஜூலையில சிசிலியில இறங்கினப்போ முதல் தடவையா பெரிய அளவுல களத்துக்குப் போனாங்க.

போர் முடிஞ்சு ஜெர்மனி, ஜப்பான் வேலையெல்லாம் ஆனதுக்கப்புறம், 1955ல ரிசர்வுக்குள்ள, காலாட்படை, பீரங்கிப்படை மாதிரி, தனிக் கிளையா ஆக்கினாங்க, அப்போ பேரு சிவில் அஃபேர்ஸ் அண்ட் மிலிட்டரி கவர்ன்மென்ட். 1959ல பின்னாடி பாதியை வெட்டிட்டு சிவில் அஃபேர்ஸ் மட்டும். முழுநேர ராணுவத்துக்கும் இது கிளையா ஆனது 2006லதான். அதாவது ரிசர்வ்காரங்க அம்பது வருஷம் தனியா தூக்கிட்டு வந்த கிளை இது. இதுல அவங்களுக்கு இருக்கற பெருமை நியாயமானது.

காலர் சின்னத்துல என்னென்ன இருக்கு?

தங்க நிறத்துல ஒரு உலக உருண்டை, அதுக்கு மேல நடுவுல நேரா ஒரு தீப்பந்தம், அந்தப் பந்தத்துக்கு முன்னாடி ஒரு சுருளும் ஒரு வாளும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கால. அவ்வளவுதான்.

உலக உருண்டை, எந்த நாட்டுலயும் வேலை இருக்கும்ங்கறதுக்கு. தீப்பந்தம் நியூயார்க் சுதந்திர தேவி சிலை கையில இருக்கறது, அமெரிக்காவோட அடையாளம், கடமையை அறிவோட செய்யணும்ங்கறதையும் சேத்துக் காட்டுது. சுருள் சிவில் பக்கம், வாள் ராணுவப் பக்கம். இதுல நான் எப்பவும் கவனிக்கச் சொல்றது சுருளும் வாளும் ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்கறதை. வாள் பெருசாவும் சுருள் ஓரமாவும் இல்ல. காலாட்படைக்குக் குறுக்குத் துப்பாக்கி, பீரங்கிப்படைக்குக் குறுக்கு பீரங்கின்னு ஒரே ஜாதி ஆயுதம் ரெண்டா வர்ற வழக்கத்துல, ஒரு ஆயுதமும் ஒரு காகிதமும் குறுக்கால நிக்கறது அபூர்வம். சண்டைக்காரங்க கிளைச் சின்னங்களோட பக்கத்துல வச்சுப் பாருங்க, வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்.

ஆஃபீசர்னா சின்னம் தனியா இருக்கும், சிப்பாய், சார்ஜன்ட்னா அதே சின்னம் ஒரு வட்டத் தட்டு மேல ஏறியிருக்கும். இது எல்லாக் கிளைக்கும் உள்ள வழக்கம்தான்.

ஊதாக் கலர் எங்க வரும்?

கிளைக்குன்னு ஒதுக்கின கலர் ஊதா, ஓரத்துல வெள்ளை. கம்பெனி (சின்னப் படைப் பிரிவு) கொடி ஊதாத் துணியில வெள்ளை எழுத்தும் சின்னமும் வச்சு வரும், அணிவகுப்புல தூரத்துலேயே தெரியும். விருந்து, விழான்னு போடற நீல யூனிஃபார்ம்ல ஆஃபீசருங்களோட தோள் பட்டையில அந்தக் கலர் வரும். களத்துல போடற உடுப்புல ஊதாவைத் தேடாதீங்க, அங்க எல்லாமே மண் கலர்தான், காலர்ல கிளைச் சின்னமும் இருக்காது.

காலர் பித்தளை, தோள் பேட்ச், க்ரெஸ்ட், எல்லாம் ஒண்ணுதானா?

இல்லங்க, இங்கதான் எல்லாரும் குழம்பறாங்க. காலர் சின்னம் கிளைக்கு உரியது, எந்த யூனிட்ல இருந்தாலும் சிவில் அஃபேர்ஸ் ஆளுன்னா அதுதான். தோள்ல தைக்கற துணி பேட்ச் பெரிய அமைப்புக்கு உரியது, அதாவது கமாண்ட், டிவிஷன், பிரிகேட் அளவுக்கு. க்ரெஸ்ட்னு சொல்ற எனாமல் உலோகச் சின்னம்தான் பட்டாலியன் அளவுல தனித்தனியா கிடைக்கறது, அதுலதான் யூனிட்டோட சரித்திரம், ஊர், குறிக்கோள் வாசகம் எல்லாம் வரும்.

அதனால ஒரு பட்டாலியன் ஆளு தோள்ல அவரோட மேல் அமைப்பு பேட்ச்தான் இருக்கும். பட்டாலியன் நம்பர் போட்டு தோள் பேட்ச்னு விக்கறதைப் பாத்தா உஷாராயிடுங்க, அது பெரும்பாலும் ஆளுங்க தங்களுக்குள்ள அடிச்சுக்கிட்ட சொந்த பேட்ச், அதிகாரபூர்வமானது இல்ல. சேர்க்கக் கூடாதுன்னு சொல்லல, அதுலயும் அழகான டிசைன் இருக்கு, ஆனா என்னன்னு தெரிஞ்சு வாங்கணும்.

இடது தோள்ல ஒண்ணு, வலது தோள்ல ஒண்ணு இருக்கே?

இடது தோள் இப்போ இருக்கற யூனிட். வலது தோள் போர்க்களத்துல எந்த யூனிட்டோட இருந்தாரோ அது, காம்பாட் பேட்ச்னு சொல்வாங்க. சிவில் அஃபேர்ஸ் ஆளுங்க விஷயத்துல இது ரொம்ப சுவாரஸ்யமா இருக்கும், ஏன்னா நாலு பேர் கொண்ட டீமை வேற ஏதாவது காலாட்படை பிரிகேட், மரைன் பிரிவுன்னு ஒட்டிவிட்டுடுவாங்க. அதனால ஒரே பட்டாலியன்லேருந்து ஈராக் போயிட்டு வந்தவங்க வலது தோள்ல ஆளுக்கொரு பேட்ச் இருந்தா அதிசயப்பட வேண்டியதில்ல.

தோள் பேட்ச் வழக்கமே 1918ல 81வது டிவிஷன் தன் காட்டுப்பூனைப் படத்தை மாட்டிக்கிட்டதுலேருந்து வந்ததுதான். அந்த டிவிஷன் தென் கரோலினாவுல கேம்ப் ஜாக்சன்ல உருவானது. இப்போ அதே இடம் ஃபோர்ட் ஜாக்சன், ரிசர்வோட 360வது சிவில் அஃபேர்ஸ் பிரிகேட் இருக்கறதும் அங்கதான்.

டிசைன் யார் முடிவு பண்றாங்க?

வர்ஜினியாவுல ஃபோர்ட் பெல்வார்ல ராணுவத்தோட ஹெரால்ட்ரி இன்ஸ்டிட்யூட், அதாவது சின்னங்களை வடிவமைக்கற அலுவலகம், இருக்கு. யூனிட் தன் சரித்திரத்தையும் விருப்பத்தையும் சொல்லும், அவங்க வரைஞ்சு, ஒவ்வொரு கோட்டுக்கும் கலருக்கும் என்ன அர்த்தம்னு எழுதி, ஒப்புதல் குடுப்பாங்க. ஒரு சின்னத்துக்கு அர்த்தம் சொல்லும்போது அவங்க எழுதின விளக்கத்தைத்தான் நம்பணும், நெட்ல யாரோ கற்பனை பண்ணி எழுதினதை இல்ல.

ரிசர்வ் சிவில் அஃபேர்ஸ் அமைப்பு எப்படி இருக்கு?

உச்சியில சிவில் அஃபேர்ஸ் அண்ட் சைக்கலாஜிக்கல் ஆபரேஷன்ஸ் (ஜனங்க மனசை மாத்தற பிரசார வேலை) கமாண்ட், ஃபோர்ட் பிராக்ல. (இந்த முகாமுக்கு 2023ல ஃபோர்ட் லிபர்ட்டின்னு பேர் மாத்தி, 2025ல திரும்ப பிராக்னே ஆக்கிட்டாங்க, பழைய கட்டுரைகள்ல ரெண்டு பேரும் வரும், குழம்பாதீங்க.) 2006 வரைக்கும் இது சிறப்புப் படைங்களோட தலைமையான ஸ்பெஷல் ஆபரேஷன்ஸ் கமாண்ட்டுக்குக் கீழ இருந்துச்சு, அப்புறம் ஆர்மி ரிசர்வ் கமாண்டுக்குக் கீழ கொண்டு வந்தாங்க. இந்த முடிவு சரியா தப்பான்னு அந்தப் பிரிவுல இன்னும் வாக்குவாதம் ஓடுது.

அதுக்குக் கீழ நாலு பெரிய கமாண்ட். 350வது ஃப்ளோரிடா பென்சகோலாவுல, லத்தீன் அமெரிக்கா பக்கம் பாக்கும். 351வது கலிஃபோர்னியா மவுன்டன் வியூ, பசிபிக். 352வது மேரிலாண்ட் ஃபோர்ட் மீட், மத்திய கிழக்கு. 353வது நியூயார்க் ஸ்டேட்டன் ஐலண்ட், ஐரோப்பா ஆப்பிரிக்கா. இதுங்களுக்குக் கீழ பிரிகேட், பட்டாலியன், கம்பெனி, கடைசியில நாலு பேர் டீம்.

உச்சியில இருக்கற கமாண்ட் பேருக்குப் பின்னாடி ஏர்போர்ன்னு வரும், பேட்சுக்கு மேல அந்தத் தலைப்புப் பட்டையும் இருக்கும். அதுக்காக ரிசர்வ்ல எல்லாருமே பாராசூட்ல குதிக்கறவங்கன்னு எடுத்துக்கக் கூடாது.

நாலு பேர் போயி என்ன பண்ண முடியும்?

பாக்கவும் கேக்கவும் முடியும், அதுதான் பாதி வேலை. ஊருக்குள்ள போனா சாக்கடை, தண்ணி, கரண்ட், பள்ளிக்கூடம், குப்பை, ஆஸ்பத்திரி, பாதுகாப்புன்னு ஒரு வரிசை வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா விசாரிப்பாங்க. சாக்கடை முதல்ல வர்றதைக் கவனிங்க. தண்ணியும் சாக்கடையும் கலந்துச்சுன்னா ஒரு வாரத்துல வயித்துப்போக்கு பரவும், அப்புறம் எத்தனை மீட்டிங் போட்டாலும் பிரயோஜனம் இல்ல.

கம்பெனி அளவுல சிவில் மிலிட்டரி ஆபரேஷன்ஸ் சென்டர்னு ஒண்ணு வைப்பாங்க. ஊர்க்காரங்க, ஐநா ஆளுங்க, தொண்டு நிறுவனக்காரங்க வந்து பேசறதுக்குன்னு உள்ள இடம். ராணுவ முகாம் வாசலைத் தாண்டி உள்ள வர தொண்டு நிறுவனங்களுக்கு விருப்பம் இருக்காது, ராணுவத்தோட சேந்தவங்கன்னு பேர் வந்தா அவங்க உயிருக்கே ஆபத்து. அதனால இந்த சென்டரை எங்க வைக்கறதுங்கறதே பெரிய விஷயம்.

ஆபத்தான வேலையா?

ஆமா. ஜனங்க கூட பேசணும்னா அவங்க இருக்கற இடத்துக்குப் போகணும். 2007 ஜனவரி 20ஆம் தேதி ஈராக்ல கர்பலா மாகாண ஒருங்கிணைப்பு மையத்துக்குள்ள அமெரிக்கப் படை மாதிரி உடுப்பு போட்டு வந்தவங்க தாக்கி அஞ்சு அமெரிக்க வீரர்கள் இறந்தாங்க. அதுல ஒருத்தர் ரிசர்வோட 412வது சிவில் அஃபேர்ஸ் பட்டாலியன் கேப்டன். இவங்களை சும்மா மேஜை வேலை பாக்கறவங்கன்னு யாராவது சொன்னா எனக்கு மனசு வலிக்கும்.

சைக்கலாஜிக்கல் ஆபரேஷன்ஸும் இதுவும் ஒண்ணா?

ஒரே தலைமைக்குக் கீழ இருக்காங்க, வேலை வேற. அவங்க நோட்டீஸ், ரேடியோ, ஒலிபெருக்கின்னு மனசை மாத்தற பக்கம், சின்னத்துல சதுரங்கக் குதிரை வரும். குதிரையைப் பாத்தா அவங்க, உலக உருண்டையைப் பாத்தா இவங்க.

இவங்க நல்லா பண்ணின வேலைன்னு எதைச் சொல்லலாம்?

என்னைக் கேட்டா 1991. ஈராக் குவைத்தைப் பிடிச்சது 1990 ஆகஸ்ட்ல. டிசம்பர்லயே, அதாவது மீட்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, 352வது கமாண்ட் ரிசர்வ் ஆளுங்களை வச்சு குவைத் டாஸ்க் ஃபோர்ஸ்னு ஒரு குழு போட்டு, நாட்டை விட்டு வெளியேறியிருந்த குவைத் அரசு அதிகாரிங்க கூட வாஷிங்டன்ல உக்காந்து, விடுதலை ஆன மறுநாள் சாப்பாடு எங்கேருந்து, தண்ணி எப்படி, மருந்து யாரு, கான்ட்ராக்ட் யாருக்குன்னு திட்டம் போட்டாங்க. பிப்ரவரி கடைசியில படை உள்ள போனப்போ எண்ணெய்க் கிணறுங்க நூத்துக்கணக்குல எரிஞ்சுட்டு இருந்துச்சு, ஆனா ஜனங்க பட்டினி கிடக்கல. போர் தொடங்கறதுக்கு முன்னாடியே இந்த ஆளுங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சதுதான் காரணம்.

அதே வருஷம் ஏப்ரல்ல வடக்கு ஈராக்லேருந்து குர்து ஜனங்க லட்சக்கணக்குல துருக்கி எல்லை மலைக்கு ஓடினாங்க, குளிர்ல குழந்தைங்க செத்துட்டு இருந்தாங்க. அங்க 353வது கமாண்ட் ஆளுங்க போயி, கூடாரம், தண்ணி, திரும்பி ஊருக்குப் போற வழின்னு வேலை பாத்தாங்க.

2003 ஈராக்?

அது வேற கதை. முன்கூட்டி திட்டம் போட நேரமும் குடுக்கல, சொன்னதைக் கேக்கவும் ஆள் இல்ல. சிவில் அஃபேர்ஸ் ஆளுங்க பத்தாம, வெவ்வேற யூனிட்லேருந்து ஆளைப் பிச்சு எடுத்து புது டீம் கட்டி அனுப்பினாங்க, கூட பயிற்சியே எடுக்காதவங்க ஒண்ணா களத்துல நின்னாங்க. கமாண்டருங்க கையில சின்னச் சின்ன வேலைக்குன்னு பணம் குடுத்தாங்க, பள்ளிக்கூடம், பம்பு, கிளினிக்னு நிறைய கட்டினாங்க, ஆனா கட்டினதைப் பராமரிக்க யாரு, சம்பளம் யாருன்னு கேள்வி கேக்காம விட்ட இடமெல்லாம் வீணாப் போச்சு. ஈராக் மறுகட்டுமானத்தைக் கண்காணிச்ச ஸ்பெஷல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் இதைப் பத்தி வருஷக்கணக்குல அறிக்கை போட்டுச்சு.

அதுக்குள்ளயும் மறக்கக் கூடாத ஒரு வேலை இருக்கு. 2003 ஏப்ரல்ல பாக்தாத் தேசிய மியூசியத்தைக் கொள்ளையடிச்சாங்க. மே மாசம் அங்க போயி சேந்த ரிசர்வ் மேஜர் கோரின் வெகனர் 352வது கமாண்டைச் சேந்தவங்க, ஊர்ல மினியாபொலிஸ் ஆர்ட் மியூசியத்துல க்யூரேட்டர். ஈராக் உளவுத்துறைக் கட்டடத்தோட அடித்தளத்துல தண்ணியில ஊறிக்கிடந்த யூத சமூகத்துப் புத்தகங்களையும் ஆவணங்களையும் பூஞ்சை தின்னாம உறைய வச்சுக் காப்பாத்தினதுலயும் அவங்க பங்கு இருக்கு. ரிசர்வ்ங்கற யோசனை எதுக்குன்னு யாராவது கேட்டா நான் சொல்ற உதாரணம் இதுதான்: அந்த இடத்துல ஈரமான பழைய காகிதத்தை என்ன பண்ணணும்னு தெரிஞ்ச ஆளுதான் வேணும், வேற யாராலயும் அதைச் செய்ய முடியாது.

மானுமென்ட்ஸ் மென்னு சொல்றாங்களே, அவங்களும் இவங்களா?

ஆமா, ரெண்டாம் உலகப் போர்ல கலைப்பொருளைக் காப்பாத்தின அந்தக் குழு சிவில் அஃபேர்ஸ், ராணுவ ஆட்சி அமைப்புக்குள்ளதான் இருந்துச்சு. 13 நாட்டைச் சேந்த சுமார் 345 பேர், ஆணும் பெண்ணும். ஆஸ்திரியாவுல ஆல்ட்டவுசே உப்புச் சுரங்கத்துலேருந்து ஓவியங்களை வெளிய கொண்டு வந்தது அவங்கதான். அப்போ தனிக் கிளையே இல்லாததால உலக உருண்டைச் சின்னம் எதுவும் அவங்க காலர்ல இருந்திருக்காது, அப்படி ஒண்ணை ரெண்டாம் உலகப் போர் காலத்துதுன்னு யாராவது வித்தா வாங்காதீங்க.

போர் முடிஞ்சதும் அந்தத் திறமை கலைஞ்சு போச்சு. 1954 ஹேக் உடன்படிக்கை, கலாசாரச் சொத்தைப் பாதுகாக்க ராணுவத்துக்குள்ள சமாதான காலத்துலயே நிபுணர்களை வைக்கணும்னு சொல்லுது, அமெரிக்கா அதை ஏத்துக்கிட்டது 2009லதான். 2019ல அமெரிக்க ராணுவம் ஸ்மித்சோனியன் (வாஷிங்டன்ல இருக்கற பெரிய மியூசியம் நிறுவனம்) கூட ஒப்பந்தம் போட்டு, 2022ல புது மானுமென்ட்ஸ் ஆஃபீசருங்களுக்கு முதல் பயிற்சி நடத்தினாங்க. அந்த முயற்சியில ஸ்மித்சோனியன் பக்கம் நின்னதும் அதே வெகனர்தான். அந்த உடன்படிக்கைக்கு ஒரு சின்னம் உண்டு, நீலமும் வெள்ளையுமா ஒரு கேடயம், கோயில், மியூசியம், நூலகத்து மேல வைக்கறது. சுடாதேன்னு அர்த்தம்.

பழைய பேட்ச் கிடைச்சா எந்தக் காலத்துதுன்னு எப்படிப் பாக்கறது?

முதல்ல ஓரத்தைப் பாருங்க. ஓரம் வெட்டின மாதிரி மெல்லிசா இருந்தா பழசா இருக்க வாய்ப்பு அதிகம், கயிறு மாதிரி தடிச்சு சுத்தித் தச்சிருந்தா பெரும்பாலும் 1960களோட கடைசிக்கு அப்புறம் வந்தது. பின்னாடி வெல்க்ரோ இருந்தா 2000களுக்கு அப்புறம். இருட்டுல புற ஊதா லைட் அடிச்சுப் பாருங்க, செயற்கை நூல்னா பல நேரம் பளீர்னு ஒளிரும், பழைய பருத்தி நூல் பொதுவா மங்கலா இருக்கும். இதுவும் முழுசா நம்பக் கூடாது, சோப்புத்தூள் போட்டுத் துவைச்ச பழைய பேட்ச்சும் ஒளிரும். உலோகச் சின்னம்னா பின்பக்கம் தயாரிப்பாளர் குறி இருக்கான்னு பாருங்க, க்ரெஸ்ட்ல அது இல்லன்னா கேள்வி கேளுங்க. வாங்கும்போது யாருகிட்டேருந்து வந்துச்சு, எந்த யூனிட், எந்த வருஷம்னு கேட்டு ஒரு சீட்டுல எழுதி பேட்ச்சோட சேத்தே வைங்க.